ஏழாவது கேள்வி: சிவகாசிக்கு ஆன்லைனில் வரும் பதற்ற சிகிச்சை

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் கொடுத்த தீர்ப்பு பலருக்கும் ஞாபகம் இருக்கும். சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, தீபாவளிக்கு ராத்திரி 8 முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம். அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் உண்டு. இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது. அதாவது சிவகாசிச் சரக்கு ஆன்லைன் வழியாக வெளியே போகக் கூடாது. ஆனால் ஆன்லைன் வழியாக சிவகாசிக்குள் வரும் சரக்குக்குக் குறைவில்லை. அதில் ஒன்று, பதற்றத்துக்கான சிகிச்சை. வீடியோ காலில் ஒரு ஆலோசகர், போனில் ஒரு ஆப், ராத்திரி எத்தனை மணிக்கும் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்.

இந்தப் பதிவு அந்தச் சரக்கைப் பற்றிய விமர்சனம். நான் மனநல நிபுணன் கிடையாது, சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு பொருள் எந்த ஊருக்கு, யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, அது வேறு ஊருக்குப் போனால் எங்கே உடையும் என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, சிவகாசி மாதிரி ஊருக்கு அது தேவையும்கூட. பிரச்சினை அந்தப் பொருளுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு அனுமானம். பயப்படுகிறவரின் பயம் நிஜத்தைவிடப் பெரிசு, அதைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற அனுமானம். பட்டாசு வட்டாரத்தில் அது அப்படியே செல்லாது.

முதலில், நியாயமாக

சிவகாசி 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் சுமார் 71,000 பேர். சுற்றியிருக்கும் ஊர்களையும் சேர்த்த நகர்ப்பகுதியாகப் பார்த்தால் சுமார் 2.35 லட்சம் பேர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழில்கள். மழை குறைவான மண், விவசாயம் கை கொடுக்காது என்ற நிலையில் 1920-களில் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தவர்களால் எழுந்த ஊர். ஊர் வளர்ந்த வேகத்துக்கு மனநல வசதி வளரவில்லை. இது சிவகாசியின் குறை மட்டும் என்று சொல்ல முடியாது, நாட்டின் கதையே இதுதான். 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை என்றது அது.

இன்னொரு விஷயம், கண். சின்ன ஊரில் மனநல மருத்துவரின் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். "என்னவாம் அவுங்களுக்கு?" என்று ஆரம்பித்து, பெண்ணுக்கு வரன் பார்ப்பது வரைக்கும் போய் நிற்கும். மதுரைக்குப் போகலாம் என்றால் ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு தனி. போனில் பேசினால் இந்த இரண்டும் இல்லை. இது சின்ன லாபம் கிடையாது.

பலனும் இருக்கிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, இணையம் வழியாகக் கொடுத்தால் வேலை செய்கிறதா என்று ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சோதித்துவருகிறார்கள். பதற்றக் கோளாறுகளுக்கு, பின்னால் ஒரு மனிதர் இருந்து வழிநடத்தினால், நேரில் கொடுப்பதற்குக் கிட்டத்தட்ட இணையான பலன் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

"பின்னால் ஒரு மனிதர்" என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மனிதர் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கான இணையவழி சுயஉதவித் திட்டம், 12 வாரம். பதிவு செய்தவர்கள் 1,161 பேர். கடைசிவரை முடித்தவர்கள் 12 பேர். நூற்றுக்கு ஒருவர்.

ஏழு கேள்விகள்

ஆன்லைன் சிகிச்சையின் வாசலில் வழக்கமாக ஒரு கேள்வித்தாள் இருக்கும். பெரும்பாலும் அது ஜிஏடி-7. 2006-ல் ராபர்ட் ஸ்பிட்சரின் குழு வெளியிட்டது, ஃபைசர் நிறுவனத்தின் நிதியில் உருவானது, யாரும் அனுமதி கேட்காமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரத்தில் படபடப்பு, கவலையை நிறுத்த முடியாமை, உடம்பைத் தளர்த்த முடியாமை, எரிச்சல் எல்லாம் எத்தனை நாள் இருந்தது என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் "கவனிக்க வேண்டியது".

இது மோசமான கருவி இல்லை. முதல் ஆய்வில், பொதுப்பதற்றக் கோளாறு உண்மையிலேயே இருப்பவர்களில் 89 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 82 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஊர் முழுக்க வீசினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் பேர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு நிஜமாகவே அந்தக் கோளாறு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கருவி சுமார் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 18 சதவீதம், அதாவது 171 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 216 பேருக்குச் சிவப்பு விளக்கு எரியும். அதில் அந்தக் கோளாறு உள்ளவர் ஐந்தில் ஒருவர்தான். மீதி நாலு பேருக்கு வேறு ஏதாவது இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். டாக்டரிடம் இருக்கும்போது இது சிக்கல் இல்லை, அடுத்த கேள்வியை அவர் கேட்பார். கேள்வித்தாளுக்கு அடுத்த பொத்தானே "பணம் கட்டு" என்று இருக்கும்போதுதான் சிக்கல்.

இப்போது ஏழாவது கேள்வி. ஏதோ பயங்கரமானது நடந்துவிடுமோ என்ற பயம் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கிறது அது.

பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது நோயின் அறிகுறி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு அறையில் மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு? 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் வரை இறந்தார்கள். காப்பாற்றவும் என்ன ஆச்சு என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். 2025 ஜூலை 1-ல் சின்னகாமன்பட்டியில் 9 பேர். நடுவில் நடந்த சின்ன விபத்துகளை எண்ணவே இல்லை. சத்தம் கேட்டால் "என்ன சத்தம்?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தப் பக்கம்?" என்று கேட்கும் வட்டாரம் இது. அந்தப் பெண் ஏழாவது கேள்விக்கு "தினமும்" என்று பதில் போட்டால், அவர் மனநிலையைப் பற்றிச் சொல்கிறாரா, வேலையிடத்தைப் பற்றிச் சொல்கிறாரா? கேள்வித்தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று மதிப்பெண்.

ஒரு சொல்லையும் இங்கே கவனிக்கணும். மேலே "மருந்து செலுத்துவது" என்று எழுதினேன். பட்டாசு ஆலையில் மருந்து என்றால் வெடிக்கும் கலவை. "மருந்து உங்கள் கையில்" என்று ஒரு ஆப் விளம்பரம் செய்தால் இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம். கவுன்சிலரும் அப்படித்தான். கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள் என்றால் முதலில் வார்டு கவுன்சிலர்தான் ஞாபகத்துக்கு வருவார். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு சேவை இந்த ஊரை மனதில் வைத்துச் செய்யப்பட்டதா, பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டதா என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

உராய்வு

பட்டாசு விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம் ஆகியிருக்கும். "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம்." உராய்வு நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் விசாரணையைத் தொழிலாளியின் கையோடு நிறுத்திவிடுகிறது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஏன் இருந்தார்கள், மரத்தடியில் ஏன் வேலை நடந்தது, உரிமம் ஒருவர் பெயரிலும் ஆலையை நடத்துவது உள்குத்தகைக்காரராகவும் ஏன் இருந்தது, பீஸ் ரேட் கூலியில் கை வேகத்தை யார் கூட்டினார்கள் என்பதெல்லாம் உராய்வுக்குப் பின்னால் வருகிற கேள்விகள்.

சாஃப்ட்வேர் துறையில் ஒரு சர்வர் விழுந்தால் பிற்பாடு ஒரு ஆய்வு எழுதுவோம். "ஊழியர் தப்பான கமாண்டை அடித்தார்" என்று எழுதி முடித்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவரால் தப்பான கமாண்டை எப்படி அடிக்க முடிந்தது, நடுவில் ஏன் எதுவும் தடுக்கவில்லை என்று எழுது என்பார்கள்.

சிபிடியை அரைகுறையாக ஆப்பில் அடைத்துத் தரும்போது நடப்பதும் இந்த உராய்வு மாதிரிதான். விபத்து அறிக்கை கையோடு நின்றுவிடுகிறது, ஆப் மனசோடு நின்றுவிடுகிறது. "உங்கள் பயத்துக்கு ஆதாரம் என்ன? எதிரான ஆதாரம் என்ன? மிக மோசமானது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்பவை சிபிடியின் வழக்கமான கேள்விகள். லிஃப்ட்டில் ஏறப் பயப்படுகிறவருக்கு, மேடையில் பேச நடுங்குகிறவருக்கு இவை அருமையான கேள்விகள். ஆனால் பயத்துக்கான ஆதாரத்தைக் கேட்டால், அவர் தன் தெருவிலேயே இரண்டு வீட்டைக் காட்டுவார். "நேர்மறையாக யோசியுங்கள்" என்று சொல்வது அவருக்கு ஆறுதல் ஆகாது. அவர் பார்த்ததை இல்லை என்று சொல்வதுதான் ஆகும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அந்த அறைக்குள் பயம் ஒரு கருவி. கை மெதுவாக நகர்வதற்கும், தரையில் சிந்தியதைக் கூட்டி எடுப்பதற்கும், நெரிசல் அதிகமானால் "நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்வதற்கும் அந்தப் பயம்தான் காரணம். பதற்றத்தைக் குறைப்பதையே வெற்றி என்று அளக்கும் ஒரு ஆப், 14-லிருந்து 6-க்கு மதிப்பெண்ணை இறக்கிவிட்டு "முன்னேற்றம்" என்று பச்சை நிறத்தில் காட்டலாம். இறங்கியது தேவையில்லாத பயமா, தேவையான பயமா என்று அதற்குத் தெரியாது.

இதை வைத்து "பட்டாசுத் தொழிலாளிக்கு சிகிச்சை வேண்டாம், பாதுகாப்புதான் வேண்டும்" என்று சொல்லக் கூடாது. அதுவும் ஒரு வசதியான முடிவு. ஆலையில் உள்ள பயம் ஆலையோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வருகிறது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது, பிள்ளை ஸ்கூலிலிருந்து பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. விபத்தில் தப்பியவருக்கும், அடுத்த அறையில் இருந்தவருக்கும், அடையாளம் காட்டப் போனவருக்கும் வருவது வேறு மாதிரியானது. அதற்குத் தனி சிகிச்சை முறைகள் உண்டு, பொதுப் பதற்றத்துக்கான பயிற்சிகள் போதாது. இவை எல்லாம் நிஜமான வேதனை, குறைக்கவும் முடியும்.

நல்ல சிகிச்சையாளர் இங்கே செய்வது பிரித்துக் கொடுப்பது. எந்தக் கவலைக்கு நாளைக்கே ஏதாவது செய்ய முடியும், எதற்கு முடியாது, எந்தப் பயத்தை அறைக்குள் விட்டுவிட்டு வரலாம், எதைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று. நிஜமான கஷ்டத்தில் இருப்பவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வைத்திருக்கிறது, பெயர் பிஎம் ப்ளஸ். ஐந்து அமர்வு. பாகிஸ்தானின் பெஷாவரில் மோதலால் பாதிக்கப்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டு 2016-ல் முடிவு வந்தது. மூச்சுப் பயிற்சியோடு ஆரம்பித்து, அடுத்து நேராகப் பிரச்சினையைக் கையாளுவதற்கு வந்துவிடுகிறது. அதன் போன் வழி உறவினர் மாதிரி ஒரு திட்டம் லெபனானில் நடந்தது. வாரத்துக்குச் சுமார் 15 நிமிஷம், பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆள் பேசுவார். அங்கே யாரும் போர் என்பது சிந்தனைப் பிழை என்று சொல்லவில்லை.

பயம் வெடியில் மட்டும் இல்லை

சிவகாசியில் எல்லாரும் மருந்து அறையில் இல்லை. ஒரு அச்சகக் கணக்கருக்கு வரும் பதற்றம் வேறு. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதற்குப் பிறகு ஆர்டர் வருமா, காகிதம் என்ன விலைக்குப் போகும் என்பது அவர் கவலை. பட்டாசு உரிமையாளரின் கவலை நீதிமன்றத் தேதியோடு ஏறி இறங்கும். 2018 தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்த தொழிலாளிக்கு வெடிப் பயம் இருந்திருக்காது, வட்டிக்காரர் பயம் இருந்திருக்கும். தீபாவளி முடிந்தால் அட்வான்ஸ், மறுபடி அதைக் கழிக்க வேலை என்று ஓடும் வருஷம் இது.

அதனால் "சிறுநகரவாசியின் பதற்றம்" என்று ஒரே ஒரு பொருளைச் செய்து விற்க முடியாது. ஊருக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது, பதற்றத்துக்கும் அதே நாள்காட்டி இருக்கிறது. இந்த மூன்று தொழில் உள்ள ஊரில் எந்த மாதம் யாருக்கு நெருக்கும் என்று தெரியாத ஆலோசகர், பேசும் ஒவ்வொருவரிடமும் அதை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கும் காசு கொடுப்பவர் பேசுகிறவர்தான்.

போன், அறை, சொல்

பதற்ற ஆப்களின் பெரிய பெருமை, "எப்போதும் உங்கள் பையில்". பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வைத்துவிட வேண்டும். பயம் வரும் எட்டு மணி நேரமும் ஆப் வாசலில் இருக்கும். இந்த ஒரு விவரம் போதும், இந்தப் பொருளை வடிவமைத்தவர்கள் இந்த வட்டாரத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல. போன் இல்லாமலே செய்யக்கூடிய, கை வேலையை நிறுத்தாமல் செய்யக்கூடிய பயிற்சிகளை வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் இங்கே வழி.

வீட்டிலும் போன் யாருடையது என்று கேட்கணும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தானே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல் என்றாலும், போன் இருப்பது வேறு, போனோடு தனியாக 45 நிமிஷம் இருப்பது வேறு. இரண்டு அறை வீட்டில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருக்க, மாமியாரைப் பற்றி வீடியோ காலில் எப்படிப் பேசுவது? மாடிப்படியில், மொட்டை மாடியில், கோயில் போகிற வழியில் பதினைந்து நிமிஷம் குரல் அழைப்பில் பேச முடியும். நம்ம ஊருக்கு வீடியோவைவிட குரல் நல்லது, ஒரு மணி நேரத்தைவிட கால் மணி நேரம் நல்லது என்று நினைக்கிறேன்.

அப்புறம் சொல். "பதற்றக் கோளாறு" என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "மனசு ஒரு நிலையில இல்ல", "கை கால் வெலவெலத்துப் போகுது", "ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். குழந்தை பயந்துவிட்டால் பயந்த கோளாறு என்று திருநீறு போட அழைத்துப் போவார்கள். இந்தச் சொற்களில் நோயைப் பற்றிய ஒரு அறிவும் இருக்கிறது. பயம் உடம்பில் தங்குகிறது, அதை இன்னொரு மனிதர் தொட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்ற அறிவு. ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போது இந்த அறிவு வெளியே போய்விடுகிறது.

ரகசியம் யாரிடம்?

பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்கத்தான் ஆன்லைன். சரி, வேறு யாருக்குத் தெரிகிறது? 2023 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம், பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் சிகிச்சை நிறுவனம் பயனாளர்களின் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2020-ல் ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடிய அமர்வுக் குறிப்புகளை வைத்து, நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர்.

சின்ன ஊரில் இதன் எடை அதிகம். பெருநகரத்தில் தகவல் கசிந்தால் அது லட்சத்தில் ஒரு வரி. இங்கே பேரும் தெருவும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ரகசியத்துக்காக ஆன்லைன் போகிறவருக்கு, அந்த ரகசியம் எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது.

கையில் ஏற்கெனவே இருப்பது

விமர்சனம் மட்டும் செய்துவிட்டுப் போனால் நியாயம் ஆகாது. நமக்குப் பக்கத்திலேயே நல்ல மாதிரிகள் இருக்கின்றன.

சென்னையில் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-லிருந்து புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே வீடியோவில் சென்னை மருத்துவரோடு பேசும் அறை, இறங்கும்போது மாத்திரை வாங்கிக்கொள்ள மருந்தகம். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கான ஏற்பாடு அது. ஆனால் பாடம் பதற்றத்துக்கும் பொருந்தும். தொழில்நுட்பம் பஸ்ஸின் ஒரு பாதிதான், மறுபாதி ஊருக்குள் போய் ஆளைத் தேடிப் பேசிய உள்ளூர்ப் பணியாளர்கள்.

கோவாவில் விக்ரம் படேல் குழு நடத்திய ஆய்வு 2010-ல் லான்செட் இதழில் வந்தது. பட்டப்படிப்பு உளவியலாளர் இல்லை, பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆட்கள்தான் ஆலோசகர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், அவர்கள் உதவி கிடைத்தவர்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் சுமார் 66 சதவீதம், கிடைக்காதவர்களில் சுமார் 43. தனியார் கிளினிக்குகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஹராரேயில் டிக்சன் சிபாண்டா 2006-ல் 14 பாட்டிகளோடு ஆரம்பித்த நட்பு பெஞ்சு, 2016-ல் 573 பேரிடம் நடந்த சோதனையில் நல்ல பலன் காட்டியது. அங்கே நோய்க்கு உள்ளூர்ப் பெயர் "குஃபுங்கிசிசா". ரொம்ப யோசிக்கிறது என்று அர்த்தம். நம்ம வீட்டிலும் "ரொம்ப யோசிக்காத" என்றுதானே சொல்கிறோம்?

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் எண், இங்கே "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம், சாதா போன் போதும். கூடுதல் உதவி தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பிவைக்கும் வழியும் உண்டு. மேலே நான் கேட்ட குரல், தமிழ், செலவின்மை, பின்னால் மனிதர் ஆகிய நாலும் இதில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது, அதே ஆளிடம் அடுத்த வாரமும் பேசும் உறுதியும், இந்த வட்டாரத்தைத் தெரிந்த காதும்.

அதைச் சேர்ப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊர்தான். கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர் சிவகாசிக்காரரோடு பேசட்டும், சிவகாசியில் பயிற்சி பெற்றவர் கோவில்பட்டிக்காரரோடு பேசட்டும். தொழில் தெரியும், பேச்சு தெரியும், தெரு தெரியாது. வேன் திரும்பி வந்து சமையல் முடிந்த பிறகான நேரத்தில் கால் மணி நேரம், ஆறு வாரம். பேசுகிறவர் "எங்க ரூம்ல எட்டுப் பேர் இருக்கோம்" என்று சொன்னால், அவர் பெயர் இல்லாமல் அந்த விஷயம் மட்டும் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்குப் போக ஒரு வழி. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியம். பல பேர் ஒரே ஆலையைப் பற்றி ஒரே பயத்தைச் சொன்னால், அது நோயாளிகள் பட்டியல் இல்லை. அது விபத்துக்கு முன்னால் வந்த எச்சரிக்கை. நம் அலுவலகத்தில் ஒரே சர்வரைப் பற்றி எட்டு அலாரம் அடித்தால் அலாரத்துக்கு சிகிச்சை கொடுக்க மாட்டோம்.

அதுவரைக்கும், ஆன்லைனில் பணம் கட்டப் போகிறவர்கள் முதல் அழைப்பிலேயே சிலதைக் கேட்டுவிடலாம். பேசப்போகிறவர் யார், என்ன படித்தவர், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு உண்டா? ஒவ்வொரு வாரமும் அதே ஆள்தானா? முழுக்கத் தமிழில் பேசுவாரா? வீடியோ இல்லாமல் பேசலாமா? குறிப்புகள் எங்கே சேமிக்கப்படும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நடுராத்திரி யாரைக் கூப்பிடுவது? கடைசியாக ஒன்று: "நான் பயப்படுகிற விஷயம் நிஜமாகவே நடக்கக்கூடியது. அதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வீர்கள்?" இதற்குக் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறவரை நம்பலாம். உடனே மூச்சை இழுத்து விடச் சொல்கிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். 14416-க்கு அடித்துப் பாருங்கள், அதற்குக் காசே வேண்டாம்.